டிப்ஸ்டிக்கில் ஆயில் ஏறினால் சந்தோஷப்படாதீர்கள் | செங்கோட்டை டு புனலூர்

வணக்கம் மக்களே. காலை ஆறரை மணி, செங்கோட்டையில் எங்கள் வீட்டு வாசல். சாரல் விழுந்துகொண்டிருக்கிறது, கேமராவில் தெரிகிறதா என்று தெரியவில்லை. இரவு முழுவதும் என் டீசல் கார் நின்றிருக்கிறது, இன்ஜின் ஜில்லென்று இருக்கிறது. இந்த நேரத்தில்தான் ஆயில் பார்க்க வேண்டும். ஓட்டி வந்த கையோடு பார்த்தால் ஆயில் மேலே ஒட்டிக்கொண்டிருக்கும், சரியான அளவு தெரியாது.

இதோ டிப்ஸ்டிக், ஆயில் அளவு பார்க்கும் கம்பி. ஒருமுறை இழுத்து பனியன் வேஸ்ட்டால் சுத்தமாகத் துடைக்கிறேன். மறுபடி முழுசாக உள்ளே விட்டு எடுக்கிறேன். பக்கத்தில் வந்து பாருங்கள். கீழே ஒரு கோடு, மேலே ஒரு கோடு, ஆயில் இரண்டுக்கும் நடுவில், கொஞ்சம் மேலே தள்ளி நிற்கிறது. நல்லது. கறுப்பாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். டீசல் இன்ஜினில் ஆயில் மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும், அதில் தப்பு ஒன்றும் இல்லை. அடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் ஒரு சொட்டு வைத்துத் தேய்க்கிறேன். வழுவழுவென்று கனமாக இருக்கிறது. மோந்து பார்த்தால் டீசல் வாடை இல்லை. இந்த மூன்றும்தான் எனக்கு முக்கியம்: அளவு, கனம், வாடை.

போன வருஷம் இதே இடத்தில் நின்று பார்த்தபோது ஆயில் மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரல்கடை ஏறியிருந்தது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பரவாயில்லை, நம்ம வண்டி ஆயிலே குடிக்கவில்லை, நல்ல கண்டிஷனில் இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். ஒரு வாரத்தில் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. தென்காசியில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணாச்சி ஸ்கேனரைக் கூடப் பிறகுதான் மாட்டினார், முதலில் டிப்ஸ்டிக்கை உருவி மூக்கில் வைத்தார். "தம்பி, இது ஆயில் இல்லை, பாதி டீசல்" என்றார். அன்றைக்குத்தான் இந்த வண்டியை நான் எப்படிப் பயன்படுத்துகிறேன் என்று யோசித்தேன். வீட்டிலிருந்து கடைக்கு மூன்று கிலோமீட்டர். ஒரு நாளைக்கு நான்கு தடவை. அவ்வளவுதான். இன்ஜின் சூடாவதற்குள் ஆஃப் செய்துவிடுவேன்.

டீசல் எப்படி ஆயிலில் கலந்தது? இதை நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பிஎஸ்6, அதாவது புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் கார் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பிஎஸ்6. டீசலில் கந்தகம் 50 பிபிஎம்மிலிருந்து, அதாவது பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து, 10 பிபிஎம்மாகக் குறைந்தது. கார்களில் டிபிஎஃப் என்ற வடிகட்டி வந்தது. சைலன்சர் பாதையில் இருக்கும், தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். புகையில் வரும் கரியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டே இருந்தால் அடைத்துவிடும் அல்லவா? அதனால் அவ்வப்போது அந்தக் கரியை எரித்துவிட வேண்டும். அதற்குச் சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். அந்தச் சூட்டைக் கொண்டுவர கம்ப்யூட்டர் கூடுதலாகக் கொஞ்சம் டீசலைத் தெளிக்கச் சொல்லும். பல கார்களில் அதை சிலிண்டருக்குள்ளேயே தெளிக்கிறார்கள். இதற்குத்தான் ரீஜெனரேஷன் என்று பெயர். முடிய பத்து நிமிஷம் ஆகலாம், இருபது நிமிஷமும் ஆகலாம்.

நான் மூன்றாவது கிலோமீட்டரில் சாவியைத் திருப்பி ஆஃப் செய்கிறேன். எரிப்பு பாதியில் நின்றுவிடும். மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது முதலிலிருந்து ஆரம்பிக்கும், மறுபடி டீசல் தெளிக்கும். எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து, பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலில் இறங்கும். அளவு ஏறியது இப்படித்தான். டீசல் கலந்த ஆயில் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவுக்குள் இருக்கும் தண்டு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது, அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டும்தான். அந்தப் படலம் நீர்த்துப்போனால் டர்போவும் போகும், கிராங்க் பேரிங்கும் போகும். அதனால் ஆயில் குறைந்தால் மட்டும் கவலைப்பட்டால் போதாது, ஏறினாலும் உடனே வண்டியைக் காட்டுங்கள்.

சரி, கிளம்பலாம். ஸ்டார்ட் செய்து அரை நிமிஷம் விட்டுவிட்டு மெதுவாக எடுக்கிறேன். ஐந்து நிமிஷம் நிறுத்தி வைத்துச் சூடாக்க வேண்டியதில்லை, ஐடிலில் டீசல் இன்ஜின் சூடாகவே ஆகாது, கரிதான் சேரும். கடை வாசலில் ஏசி போட்டுக்கொண்டு அரை மணி நேரம் காத்திருப்பதும் அதே கதைதான்.

பேசிக்கொண்டே போகிறேன், போன் ஸ்டாண்டில் இருக்கிறது. போன வருஷம் அந்த மஞ்சள் விளக்கு எரிந்த பிறகு ஒரு ஒர்க்‌ஷாப்பில் எனக்கு என்ன சொன்னார்கள் என்றால், "டிபிஎஃப்பை உள்ளே காலி பண்ணிவிடலாம், சாஃப்ட்வேரை மாற்றிவிடலாம், பிறகு தொல்லையே இருக்காது" என்றார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அது சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். அந்தக் கரி எல்லாம் எங்கே போகும்? இந்தச் சாலையில் என் பின்னால் பைக்கில் பிள்ளையை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு வருகிறவரின் நெஞ்சுக்குள் போகும். யார் சொன்னாலும் அதைச் செய்யாதீர்கள்.

அப்புறம் ஆயில். கரி வேறு, சாம்பல் வேறு. அடுப்பில் கரியைத் திரும்ப எரிக்கலாம், சாம்பலை எரிக்க முடியுமா? டிபிஎஃப்பிலும் அப்படித்தான். ஆயிலில் கலந்திருக்கும் உலோகச் சேர்மங்கள் எரிந்தால் சாம்பலாகி வடிகட்டியில் தங்கிவிடும், எந்த ரீஜெனரேஷனிலும் போகாது. அதனால்தான் இந்த இன்ஜின்களுக்குச் சாம்பல் குறைவான ஆயில் கேட்கிறார்கள். டப்பாவில் ஏசிஇஏ சி2, சி3 என்று ஐரோப்பிய தரக் குறியீடு போட்டிருக்கும். உங்கள் காருக்கு எது என்று கையேட்டில் இருக்கும், அதையே வாங்குங்கள். லாரிக்கு ஊற்றுகிற கனமான ஆயில் நல்லது என்று என் மாமா இன்றைக்கும் சொல்வார். அவர் அம்பாசடர் டீசல் ஓட்டியவர், அந்த வண்டிக்கு அவர் சொன்னது சரி. கையேட்டில் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றச் சொல்லியிருக்கிறது. என் ஓட்டத்துக்கு நான் 7,500-லேயே மாற்றிவிடுகிறேன்.

இதோ புளியரை தாண்டி எஸ் வளைவு. முன்னால் வைக்கோல் லாரி ஒன்று ஊர்ந்துகொண்டு போகிறது. பாருங்கள், நான் மூன்றாவது கியரில் இருக்கிறேன், இன்ஜின் சுற்றைக் காட்டும் முள் 2,000 பக்கம் நிற்கிறது. மைலேஜ் வரும் என்று நான்காவதில் 1,200-ல் வைத்து ஆக்சிலேட்டரை மிதிக்கிறவர்கள் உண்டு. வண்டி திணறி உதறும். அப்போதுதான் கரி அதிகமாக வரும், கிளட்ச்சும் பேரிங்கும் அடி வாங்கும். ஒரு கியர் குறையுங்கள். இந்த மாதிரி ஓட்டினால் புகையில் கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் இஜிஆர் வால்வும் அடைத்துக்கொள்ளும்.

கோட்டைவாசல் வந்துவிட்டது, இனி கேரளா. இந்த மலை ஏறினாலே டிபிஎஃப் சுத்தமாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஏற்றம் கொஞ்ச தூரம்தான். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டால் இன்ஜெக்டர் டீசலே தெளிக்காது, சைலன்சர் குளிர்ந்துவிடும். சீராகப் போகும் சாலைதான் உண்மையான மருந்து. புனலூர் போய் வந்தால் சுமார் 100 கிலோமீட்டர். இல்லையென்றால் கடையநல்லூர், புளியங்குடி வழியாக ராஜபாளையம் பக்கம் ஒரே வேகத்தில் அரை மணி நேரம் ஓட்டினாலும் போதும். மாதத்தில் இரண்டு தடவை நான் இதைச் செய்கிறேன்.

மழை பற்றிச் சொல்ல வேண்டும், இந்த ஊர்ப்பக்கம் அது முக்கியம். டேங்க்கில் காலி இடம் இருந்தால் ஈரக்காற்று குளிர்ந்து தண்ணீராகும். என் டேங்க்கை கால் பங்குக்குக் கீழே இறங்க விடுவதில்லை. உங்கள் டயரில் இருக்கும் அழுத்தம் சுமார் 2.2 பார். இன்ஜெக்டர்களுக்கு டீசல் கொடுக்கும் காமன் ரயில் குழாய்க்குள் டீசல் 1,600 பார் அழுத்தத்தில் இருக்கிறது, சில இன்ஜின்களில் 2,000. அந்த அழுத்தத்தில் தண்ணீர் போனால் இன்ஜெக்டரின் நுனி அரித்துவிடும். டீசல் ஃபில்டரின் அடியில் தண்ணீரை வடிக்க ஒரு திருகு இருக்கும். மழைக்காலத்தில் சர்வீஸுக்கு விடும்போது "தண்ணீரை வடித்தீர்களா?" என்று கேளுங்கள். ஃபில்டரை உரிய நேரத்தில் மாற்றுங்கள், அதில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஆரியங்காவு. பாலருவிப் பக்கம் நிறுத்துகிறவர்கள் பாட்டிலில் ஓடைத் தண்ணீரைப் பிடித்து ரேடியேட்டரில் ஊற்றுவதைப் பார்த்திருக்கிறேன். எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அது வேண்டாம். ரேடியேட்டரில் இருக்கும் கூலன்ட் திரவத்தில் துருப்பிடிக்காமல் இருக்க மருந்து சேர்த்திருக்கிறார்கள், வெறும் தண்ணீர் ஊற்றினால் அது நீர்த்துப்போகும். வழியில் வேறு வழியே இல்லை என்றால் ஊற்றுங்கள், ஊருக்கு வந்ததும் முழுசாக மாற்றிவிடுங்கள். சூடாக இருக்கும்போது மட்டும் மூடியைத் திறக்கவே கூடாது.

இங்கே ஒரு டீ குடிக்கலாம் என்று ஓரம் கட்டியிருக்கிறேன். ஏறி வந்த வண்டியை உடனே ஆஃப் செய்யாமல் ஒரு நிமிஷம் ஓட விடுகிறேன், டர்போ ஆறட்டும். கொஞ்சம் இருங்கள். முள்ளைப் பாருங்கள். என் வண்டி ஐடிலில் 800-ல் நிற்கும், இப்போது 1,000-ஐ ஒட்டி நிற்கிறது. முன்னால் ஃபேன் சத்தம் கேட்கிறதா? ஏசி கூடப் போடவில்லை. ரீஜெனரேஷன் ஓடிக்கொண்டிருக்கிறது மக்களே. இப்போது ஆஃப் செய்தால் போன வருஷக் கதைதான். டீயைத் தென்மலையில் குடித்துக்கொள்கிறேன். கியர் போட்டாயிற்று, கிளம்புகிறேன்.