எட்டாம் மாசத்துப் பிள்ளை யாரைப்போல வளரும்?

நேயர்களுக்கு வணக்கம்.

கிளினிக்கில் பிள்ளையைத் தராசில் வைத்ததும், தாய் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் நிற்கும் அப்பாயி முந்திக்கொள்வார்: "எங்க பரம்பரையே குட்டை டொக்டர், இவனும் அப்படித்தான்." குறைமாதப் பிள்ளை என்றால் இந்தப் பேச்சு இன்னும் சீக்கிரம் வரும். அதில் பாதி உண்மை. மற்றப் பாதியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

நுவரெலியா கிரகரி வாவிக் கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றும் மட்டக்குதிரைகளைப் பார்த்திருப்பீர்கள். 1938இல் வெளியான ஓர் ஆய்வுக்காகக் கேம்பிரிட்ஜில் வோல்டன், ஹமண்ட் என்ற இரண்டு பேர், பெரிய ஷயர் குதிரையையும் சின்னஞ்சிறு ஷெட்லண்ட் மட்டக்குதிரையையும் கலந்து குட்டி போடவைத்தார்கள். (செயற்கை முறையில்தான். நீங்கள் யோசிப்பது புரிகிறது.) குட்டிக்கு இரண்டு இனத்திலிருந்தும் பாதிப் பாதி. ஆனால் ஷயர் தாய்க்குப் பிறந்த குட்டி, மட்டக்குதிரைத் தாய்க்குப் பிறந்ததைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு எடை. பரம்பரை ஒன்று, வயிறு வேறு. வளர வளர வித்தியாசம் குறைந்தது, முழுதாக மறையவில்லை.

நம் பிள்ளைகளின் கதையும் ஏறத்தாழ இதுதான். பிறக்கும்போது உள்ள எடையில் தாயின் சாப்பாடு, இரத்தச் சோகை, நஞ்சுக்கொடி, வயிற்றில் இருந்த வாரங்கள் எல்லாம் பேசுகின்றன. 37 வாரம் நிறையாமல் வந்த பிள்ளைக்கு, எடை ஏறவேண்டிய கடைசி வாரங்களே கிடைக்கவில்லை. தாய் தகப்பனின் உயரம் பிறந்த பிறகு மெல்ல மெல்லத்தான் தலைகாட்டும். குறைமாதப் பிள்ளைகளில் பலர் முதல் இரண்டு மூன்று வருடத்தில் எட்டிப் பிடித்துவிடுவார்கள். சிலர் கொஞ்சம் பின்னால்தான் நிற்பார்கள்.

ஒரு கணக்கை மட்டும் மறக்காதீர்கள். முழுக் கணக்கு 40 வாரம் என்றால், 32 வாரத்தில் பிறந்த பிள்ளை 8 வாரம் முந்தி வந்தது. ஆறு மாதத்தில் அதை நாலு மாதப் பிள்ளையாக வைத்துத்தான் கிளினிக் புத்தகத்தின் வளர்ச்சிக் கோட்டோடு பார்க்கவேண்டும். இரண்டு வயதுவரை இப்படித்தான். தடுப்பூசிக்கு மட்டும் இந்தக் கழிவு கிடையாது, பிறந்த திகதியிலிருந்தே கணக்கு. பக்கத்து லயத்துப் பிள்ளையோடு ஒப்பிட்டுக் கவலைப்படும் தாய்மாரில் பாதிப்பேர் இந்தக் கழித்தலைச் செய்யாதவர்கள்.

சரி, எடைக்கு மரபணு இல்லையா? இருக்கிறது. எஃப்டிஓ என்ற மரபணுவுக்கும் எடைக்கும் தொடர்பு இருப்பதை 2007இல் கண்டுபிடித்தார்கள். அதன் ஒரு வகையைத் தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் பெற்ற பெரியவர்கள், பெறாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ கூட. ஆனால் பிறந்த எடையில் அது தெரியவில்லை, ஏழு வயதளவில்தான் தெரிந்தது. பசியைக் கூட்டித்தான் எடையை ஏற்றுகிறது. அதனால் நோஞ்சான் பிள்ளையை ஒரே மாதத்தில் கொழுகொழு என்று ஆக்கிவிடவேண்டும் என்று சீனியும் மாவும் திணிக்காதீர்கள். அவசரமாக ஏறும் எடை பின்னால் சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் வழிவிடலாம்.

இனி அப்பாயியின் உயரத்துக்கு வருவோம். தென்கொரியப் பெண்கள் நூறு வருடத்தில் சராசரியாக 20 சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கிறார்கள். நூறு வருடத்தில் மரபணு அவ்வளவு மாறாது, சாப்பாடு மாறும். இலங்கையில் 2016 கணக்கெடுப்பின்படி ஐந்து வயதுக்குக் கீழ் வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகள் நாடு முழுக்க 17 வீதம், தோட்டப்புறத்தில் ஏறக்குறைய 32 வீதம். தோட்டத்துப் பிள்ளைக்கு மட்டும் மரபணு தனியாகச் சதி செய்யுமா?

போன மாதம் ஒரு அப்பாயியிடம் கேட்டேன், சின்ன வயசில் என்ன சாப்பிட்டீர்கள் என்று. கொஞ்ச நேரம் பேரனையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்: "எழுபத்துநாலாம் வருசப் பஞ்சத்தில எனக்கு ஆறு வயசுங்க டொக்டர்."