அழிக்கும் உரிமை எங்கே இருக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரே சர்வரில் பலர் வேலை செய்யும் இடங்களில் ஒரு புகார் அடிக்கடி எழும்: "மற்றவர்கள் வாசிக்கத்தான் அனுமதி கொடுத்திருந்தேன், எழுத அல்ல. அப்படியும் யாரோ என் ஃபைலை அழித்துவிட்டார்கள்!" சர்வரில் கோளாறு எதுவும் இல்லை. யூனிக்ஸ், லினக்ஸ் இயங்குதளங்களில் விதியே அப்படித்தான்.

ஃபைலுக்கு அனுமதி கொடுப்பதில் உரிமையாளர், குழு, மற்றவர்கள் என மூன்று தரப்பு. வாசிக்க 4, எழுத 2, இயக்க 1. தரப்புக்கு ஓர் இலக்கமாகக் கூட்டிப் பார்த்தால் 644, 755 என்று வரும். இதுவரை பலருக்கும் தெரியும். டைரக்டரி, அதாவது ஃபோல்டர், என்று வந்ததும்தான் தடுமாற்றம்.

டைரக்டரி என்பது ஒரு பெயர்ப் பட்டியல். எந்தப் பெயர் எந்த ஃபைலைக் குறிக்கிறது என்பதுதான் அதில் இருக்கிறது. அங்கே வாசிக்கும் அனுமதி இருந்தால் பெயர்களைப் பார்க்கலாம். 'இயக்கும்' அனுமதி இருந்தால்தான் அதன் வழியாக உள்ளே போக முடியும். அதோடு எழுதும் அனுமதியும் சேர்ந்தால் பெயரைச் சேர்க்கலாம், எடுக்கலாம். ஃபைலை அழிப்பது என்றால் அந்தப் பட்டியலிலிருந்து பெயரை எடுப்பதுதானே? அதற்கு ஃபைலின் அனுமதியை யாரும் கேட்பதில்லை. மறுபக்கமும் உண்டு: டைரக்டரியில் எழுதும் அனுமதியை மட்டும் எடுத்துவிட்டு ஃபைலை எல்லோரும் எழுதும்படி விட்டால், அதை அழிக்க முடியாது, உள்ளிருப்பதை முழுக்கத் துடைத்துவிடலாம்.

எல்லோரும் எழுதியே தீர வேண்டிய தற்காலிக டைரக்டரிக்கு 1777 என்று வைப்பார்கள். முன்னால் நிற்கும் அந்த 1, ஸ்டிக்கி பிட். அது இருந்தால், ஃபைலின் உரிமையாளர், டைரக்டரியின் உரிமையாளர், ரூட் எனப்படும் தலைமை நிர்வாகி ஆகிய மூவரைத் தவிர யாரும் அங்கே பெயரை நீக்க முடியாது.

'அனுமதி இல்லை' என்று வந்ததும் 777 போட்டுவிடும் பழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பிறர் உழைப்பை யார் கையிலும் கொடுத்துவிடும் செயல் அது. பெரும்பாலும் பாதையில் ஏதோ ஒரு டைரக்டரியில் இயக்கும் அனுமதி மட்டும் விடுபட்டிருக்கும். மேலிருந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். விடுபட்ட இடம் தெரிந்துவிடும்.

குழுவாக வேலை செய்பவர்களுக்கு 2770 பொருந்தும். அந்த 2 இருந்தால், உள்ளே புதிதாக உருவாகும் ஃபைல்கள் டைரக்டரியின் குழுவுக்கே சொந்தமாகும். ஆனால் புதிய ஃபைல்களில் எந்த அனுமதிகளை விலக்குவது என்று சொல்லும் யூமாஸ்க் 022 என்று இருந்தால் குழுவினரால் அவற்றில் எழுத முடியாது. அதை 002 என்று மாற்றிவிடுங்கள். நன்றி, வணக்கம்.