மூன்றரைப் பவுண் பற்றறி

வணக்கம். ரோச் லைற்றைப் பற்றி றேடியோவில் கதைக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். வீட்டில் சொன்னேன். "அதில கதைக்க என்ன கிடக்கு, அமத்தினால் பத்தும்" என்றா மனைவி. தந்தது பத்து நிமிடம். எனக்கு அது காணாது.

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள் வன்னியில் இருந்தவர்களுக்குத் தெரியும், பற்றறி எவ்வளவு அருமையான சாமான் என்று. ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் றேடியோ கேட்டோம். அதனால் பற்றறி என்றால் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் பக்தி.

இப்போது கடையில் பெட்டிக்குப் பெட்டி "10,000 லுமென்" என்று போட்டிருக்கிறது. லுமென் என்பது ரோச்சிலிருந்து வருகிற மொத்த வெளிச்சம். இரணைமடுக் கதவைத் திறந்தால் வருகிற தண்ணீர் மாதிரி என்று வையுங்கள். அது தரவை வெளி முழுக்கப் பரவியும் போகலாம், வாய்க்காலுக்குள் ஒரே கோடாய் ஓடியும் போகலாம். அந்த வாய்க்கால் கணக்குக்குப் பெயர் கன்டெலா. வயல் காவலுக்குப் போகிறவர் பார்க்க வேண்டியது அதைத்தான். கன்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால், வெளிச்சம் எட்டுகிற தூரம் மீற்றரில் வரும். 10,000 கன்டெலா என்றால் 200 மீற்றர். ஆனால் அந்த 200 மீற்றரில் விழுவது பூரணை நிலவளவு வெளிச்சம்தான். நிற்பது பன்றியா பட்ட கட்டையா என்று தெரிய வேண்டுமென்றால் பாதித் தூரத்தை நம்புங்கள்.

இன்னொன்று. லுமென் நாலு மடங்கு கூடினால் கண்ணுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காய்த்தான் தெரியும். அதுவும் பெரிய வெளிச்சம் ஒன்றிரண்டு நிமிடம்தான். சூடேற ரோச் தானாகவே இறங்கிவிடும். அது பழுதில்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

சரி, பற்றறிக்கு வருவோம். ஒட்டுசுட்டான் பக்கம் எங்களுக்கு வயல். கதிர் முற்றுகிற நேரம், பரணில் நான் தனிய. புதிதாய் வாங்கின 18650 பற்றறி, மேலே 9900 மில்லி அம்பியர் மணித்தியாலம், அதாவது அவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்று அச்சடித்திருந்தது. அரை மணித்தியாலம் இல்லை, ரோச் செத்துவிட்டது. கீழே பன்றி நெல்லைச் சப்புகிற சத்தம் கேட்கிறது, எனக்கு ஏணி எங்கே என்று தெரியவில்லை. விடியும்வரை தகரத்தைத் தட்டிக்கொண்டே இருந்தேன்.

காலமை நேரே தெரிந்த நகைக்கடைக்குப் போனேன். "என்ன அண்ணை, அடகோ?" என்றான் பொடியன். தராசில் பற்றறியை வைக்கச் சொன்னேன். சிரித்துக்கொண்டே வைத்தான். 28 கிராம், மூன்றரைப் பவுண். பழைய லப்டொப்பிலிருந்து கழற்றின நல்ல பற்றறி ஒன்று சட்டைப் பையில் கிடந்தது, அதையும் வைத்தான். ஆறு பவுணுக்குக் கிட்ட வந்தது. உள்ளுக்குள் சாமான் இருந்தால்தானே பாரம் இருக்கும்! 18650 என்பது வெறும் அளவு: 18 மில்லிமீற்றர் தடிப்பு, 65 மில்லிமீற்றர் நீளம். அந்த உடம்புக்குள் நல்ல கம்பனிகளே 3500 மில்லி அம்பியர் மணித்தியாலத்தைச் சுற்றித்தான் அடைக்கின்றன. 9900 என்று கண்டால் வைத்துவிட்டு வாருங்கள். கூட வேண்டுமென்றால் அதைவிடப் பெரிய 21700 பற்றறி போடுகிற ரோச்சை எடுங்கள், அதில் 5000 வரும். திரும்பவும் சொல்கிறேன், முதலில் பற்றறி, பிறகுதான் ரோச்.

வெளிச்சத்தின் நிறத்தைப் பற்றியும் சொல்ல வேணும். நீலம் பாய்ந்த வெள்ளையில் சருகும் புடையன் பாம்பும் ஒரே நிறமாய்க் கிடக்கும். கொஞ்சம் மஞ்சள் கலந்ததை எடுங்கள், பெட்டியில் 4000, 5000 கெல்வின் என்று இருக்கும். மார்கழிப் பனிக்குள்ளும்...

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். அவசரமாய்ச் சொல்லிவிடுகிறேன். தலையணைக்குப் பக்கத்தில் சார்ஜ் போடாதீர்கள். மேலுறை கிழிந்த பற்றறியைப் பாவிக்காதீர்கள். பொக்கற்றில் போடும்போது பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தி வையுங்கள், தவறிப் பத்தினால் சாரம் பொசுங்கும். யானையின் முகத்துக்கு நேரே அடிக்கவே வேண்டாம். எதிரே வருகிற மோட்டார் சைக்கிள்காரனுக்கும்தான். நன்றி, வணக்கம்.