குதிரைக்கும் சாதி உண்டா?

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். இன்று ஒரே ஒரு சொல்லைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன் நான். ஒருநாள் பந்தயக் குதிரையைப் பற்றி ஒரு பத்தி நடத்தினேன். அதில் ‘தாரோபிரெட்’ என்று ஒரு சொல் வந்தது. எங்கோ படித்த நினைவில், கரும்பலகையில் ‘உயர்சாதிக் குதிரை’ என்று பொருள் எழுதிவிட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, “சார், குதிரைக்கும் சாதி இருக்கா?” என்றான். வகுப்பே சிரித்தது. அவன் மட்டும் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. நான் எழுதிய சொல் தப்பு என்று அப்போதே தெரிந்துவிட்டது. எது சரி என்றுதான் தெரியவில்லை.

சொல்லைப் பிரித்துப் பார்த்தால் முன்பாதி ‘முழுக்க’, பின்பாதி ‘வளர்த்தெடுத்த’. 1700களின் தொடக்கத்தில், எல்லாம் கற்றுத் தேர்ந்த மனிதரைத்தான் ஆங்கிலத்தில் இப்படிச் சொன்னார்கள். குதிரைக்கு அந்தப் பெயர் வந்தது அந்த நூற்றாண்டின் கடைசியில். பிறப்பைவிட வளர்ப்பைச் சொன்ன சொல் அது. எனக்கு இது மிகவும் பிடித்த செய்தி.

குதிரையின் கதைக்கு வருவோம். இதோ பக்கத்தில் இருக்கும் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயர்கள் மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது 1690-இல். அதே வருடம் அயர்லாந்தில் பாயின் ஆற்றங்கரையில் ஒரு பெரிய போர். அதில் பையர்லி என்ற படைத்தலைவர் ஏறிப்போன குதிரையைத்தான் ‘பையர்லி டர்க்’ என்கிறார்கள். அடுத்து, சிரியாவின் அலெப்போ நகரில் வாங்கி 1704-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேற்றிய ‘டார்லி அரேபியன்’. அதற்கும் பின்னால் வந்தது ‘கோடால்பின் அரேபியன்’. இன்று உலகத்தில் ஓடுகிற தாரோபிரெட் ஒவ்வொன்றின் தந்தைவழியும் இந்த மூன்றில் ஒன்றில்தான் போய் நிற்கும். அதிலும் மிகப் பெரும்பாலானவை டார்லி அரேபியன் வழி. 1764-இல் சூரிய கிரகணத்தின்போது பிறந்ததால் ‘எக்லிப்ஸ்’ என்று பெயர் பெற்ற குதிரை, ஒரு பந்தயத்திலும் தோற்காதது, அதுவும் இந்த வழிதான்.

சரி, தாய்வழி? அங்கே இங்கிலாந்தின் உள்ளூர்ப் பெட்டைக் குதிரைகளும் இருந்தன. கீழைத் தேசத்துப் பொலிகுதிரையும் மேலைத் தேசத்துப் பெட்டையும் சேர்ந்து பிறந்த இனம் இது. நாம் இதற்கு ‘தூய இரத்தக் குதிரை’ என்று பெயர் வைக்கிறோம்! பிறந்தது கலப்பில். பிற்பாடு ஒரு புத்தகத்தைத் திறந்து வம்சத்தை எழுதி, இதற்கு மேல் வெளியாள் வேண்டாம் என்று கதவைச் சாத்தினார்கள். ஜேம்ஸ் வெதர்பி தொகுத்த அந்த வம்சப் பதிவேடு முதலில் வந்தது 1791-இல்.

ஆகவே தாரோபிரெட் என்பது குணத்தின் பெயரும் இல்லை, அழகின் பெயரும் இல்லை. ஒரு பதிவேட்டின் பெயர். நம்மூரில் குதிரை வாங்கப் போனால் சுழி பார்ப்பார்கள், நிறம் பார்ப்பார்கள். மாணிக்கவாசகர் கதையில் பாண்டியன் முன்னால் வந்து நின்ற குதிரைகளுக்கு எல்லா லட்சணமும் இருந்தது. ராத்திரி அவை நரியாகி ஊளையிட்டன. பந்தயக்காரர்கள் கண்ணை நம்பாததற்கும் இதுதான் காரணம். இந்தியாவில் இதற்கான பதிவேட்டு ஆணையம் புனேயில் இருக்கிறது. மரபணுச் சோதனையில் தாயும் தந்தையும் உறுதியாக வேண்டும். செயற்கைக் கருவூட்டலில் பிறந்த குட்டி எவ்வளவு வேகமாக ஓடினாலும் ஏட்டில் ஏறாது. எந்த மாதம் பிறந்திருந்தாலும் ஜனவரி 1 அன்று வயது ஒன்று கூடும்.

இங்கேதான் சொற்குழப்பம் வருகிறது. கலப்பில்லாத இனம் என்பது பொதுச்சொல். தாரோபிரெட் என்பது ஓர் இனத்தின் பெயர். ராஜஸ்தானத்து மார்வாரிக் குதிரை கலப்பில்லாதது, ஆனால் தாரோபிரெட் இல்லை. அரேபியக் குதிரையும் அப்படியே. நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால், காங்கேயம் நாட்டு மாடு, ஆனால் நாட்டு மாடெல்லாம் காங்கேயம் ஆகிவிடுமா? ஆங்கிலத்தில் பெரிய எழுத்துப் போட்டால் இனத்தின் பெயர், சின்ன எழுத்துப் போட்டால் பொதுப் பேச்சு என்று தப்பித்துக்கொள்கிறார்கள். தமிழில் பெரிய எழுத்து ஏது? நாம் வேறு வேறு சொல்லையே வைத்தாக வேண்டும்.

பக்கத்துப் புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் இதைப் ‘பூர்-சாங்’ என்பார்கள். சுத்த இரத்தம் என்று பொருள். ஆனால் அரேபியக் குதிரைக்கும் அதே சொல். அதனால் கூடவே ‘ஆங்கிலேய’ என்றோ ‘அரேபிய’ என்றோ ஒட்டுப் போட வேண்டியிருக்கிறது. அரபு மொழியில் வம்சம் தெரிந்த குதிரைக்கு ‘அசீல்’ என்று பெயர். வேர், மூலம் என்று பொருள் தரும் சொல்லிலிருந்து வந்தது. நாம் ‘அசல்’ என்கிறோமே, அதுவும் அந்த வேர்தான். சண்டைக்கோழி வளர்ப்பவர்கள் சொல்லும் அசில் கோழியும் அதேதான். பொதுச்சொல்லைத் தேடி நாம் வெளியே போகவே வேண்டாம். அது கோழிக்கூண்டிலேயே இருக்கிறது.

என் முடிவு இதுதான். இனத்தைச் சொல்லும்போது காங்கேயத்தைச் சொல்வது போலத் தாரோபிரெட் என்றே எழுதுங்கள். பொதுவாகச் சொல்ல ‘கலப்பில்லா இனம்’ அல்லது ‘அசல் இனம்’ போதும். ஓடுவதைச் சொல்லப் பந்தயக் குதிரை என்ற நல்ல சொல் இருக்கிறது. பந்தயத்தில் ஓடுவதெல்லாம் தாரோபிரெட் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். ‘உயர்சாதி’ மட்டும் வேண்டாம். அந்தச் சொல் நம் ஊரில் குதிரையோடு நிற்காது. கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளையின் மேல் போய் விழும்.

மறுநாள் கரும்பலகையில் நான் எழுதியிருந்ததை அந்தப் பையனையே அழிக்கச் சொன்னேன். அழித்துவிட்டு அப்புறம் கேட்டான்: “அசில் கோழிக்கும் அந்த மாதிரி புத்தகம் இருக்கா சார்?” உங்கள் வீட்டில் கோழி வளர்ப்பவர் யார் என்று கேட்டேன். தாத்தா என்றான். அவரிடம் கேட்டு எழுதிக்கொண்டு வா என்று ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தேன்.