அந்தப் பெண் காத்திருந்திருக்க வேண்டுமா?

(கிளிநொச்சி மாவட்டக் கிராமம் ஒன்றின் சனசமூக நிலையத்தில், மாதர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமை வகிக்கும் அம்மா அவர்களுக்கும், வயல் வேலையும் வீட்டு வேலையும் முடித்துக் களைப்போடு வந்திருக்கும் எல்லாருக்கும் வணக்கம்.

இரவில் ரிவியில் போகும் தொடர் நாடகங்களைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், "அதுக்கும் ஒரு கூட்டமா?" என்று சிலர் கேட்டார்களாம். ஆமாம், அதற்குத்தான் இந்தக் கூட்டம். நாடகம் முடிந்த மறுநாள் காலை கிணற்றடியிலும் கடையிலும் பள்ளிக்கூட வாசலிலும் நீங்கள் கதைக்கிறீர்களே, நான் பேச வந்தது அந்தக் கதையைப் பற்றி. இவள் ஏன் பொறுத்தாள், அவன் எப்படி அப்படிச் சொல்லலாம், மாமியார் பக்கம் நியாயம் இருக்கிறதா இல்லையா என்று நடக்கும் வாக்குவாதத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

அது நமக்குப் புதிய பழக்கமும் அல்ல. முல்லைத்தீவுப் பக்கத்தில் கோவலன் கூத்து விடிய விடிய ஆடப்பட்டு வந்திருக்கிறது. வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலுக்குப் போகிறோம், கடல்நீரில் விளக்கெரிவதைக் கண்டு கும்பிடுகிறோம். அந்த அம்மன் யார்? கணவன் இன்னொருத்தியிடம் போய்விட வீட்டில் தனித்திருந்தவள். அவன் எல்லாம் தொலைத்துத் திரும்பி வந்தபோது ஒரு கேள்வியும் கேட்காமல் சிலம்பை எடுத்துக் கொடுத்தவள். பிறகு அரசனின் சபையில் ஏறி நியாயம் கேட்டவள். இந்தக் கதையை இரவிரவாகப் பார்த்தவர்கள், விடியப்புறம் வீடு திரும்பும் வழியில் மாதவியைப் பற்றி ஒன்றும் கதைக்காமலா வந்திருப்பார்கள்? கோவலனை அவ்வளவு இலகுவாக ஏற்றிருக்கக் கூடாது என்று ஒரு பெண்ணாவது சொல்லாமலா இருந்திருப்பாள்?

அதே வழக்கு பாக்கியலட்சுமி நாடகத்தில் மறுபடி வந்தது. 2020 முதல் 2025 வரை விஜய் தொலைக்காட்சியில் ஓடியது அது. கோபி தன் மனைவி பாக்கியாவை விட்டு ராதிகாவை மணந்தான். ராதிகா பாக்கியாவின் தோழி. தன் தோழியின் கணவன்தான் இந்தக் கோபி என்று தெரியாமலே பழகியவள். மகளை வைத்துக்கொண்டு தனியாக இருந்தவள். ஆனால் அந்த நாட்களில் எங்கள் ஊர்களில் ராதிகாவுக்கு விழுந்த ஏச்சில் பாதிகூடக் கோபிக்கு விழவில்லை. எனக்கு அது மிகவும் வலித்தது. பொய் சொன்னவன் ஒருவன், பழி சுமந்தவள் இன்னொருத்தி. மாதவிக்கும் இதேதான் நடந்தது.

சரி, இனி வீட்டுக் கதைக்கு வருவோம். எதிர்நீச்சல் நாடகம் 2022 பெப்ரவரியில் தொடங்கி 2024 ஜூனில் முடிந்தது. ஆதி குணசேகரன் வீட்டு மருமகள்கள் நால்வரை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. படித்த பெண்ணான ஜனனி அந்த வீட்டில் பட்ட பாட்டைப் பார்த்து, "ஏன் அங்கே கிடந்து சாகிறாள், தாய் வீட்டுக்குப் போகலாம்தானே?" என்று சிலர் கேட்டார்கள். "திரும்பிப் போக ஒரு வீடு இருந்தால்தானே" என்றார்கள் வேறு சிலர்.

வன்னியில் இந்த இரண்டு பேச்சும் ஒரே ரிவிக்கு முன்னால் எழுகிறது என்றால், அதற்குக் காரணம் நாம் வந்த வழிகள் வேறு வேறு என்பதுதான். முள்ளியவளை, குமுழமுனை என்று தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருப்பவர்கள் உண்டு. குடியேற்றத் திட்டங்களில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் உண்டு. 1977இல் தமிழர்மீது நடந்த வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்தவர்களும் உண்டு. மகளுக்குச் சீதனமாக வீடு எழுதி, மாப்பிள்ளை அங்கே வந்து இருக்கிற குடும்பத்தில் வளர்ந்தவளுக்கு, மாமியார் சாவிக்கொத்தோடு நடக்கிற வீடு ஒரு புதினம். அவளுடைய வீட்டுச் சண்டை வேறு மாதிரி: தாய்க்கும் மகளுக்கும் நடுவில் மருமகன் வாய் திறக்காமல் இருக்கிறான். அந்தச் சண்டையை எந்தச் சென்னை நாடகமும் இன்னும் எடுத்ததாக எனக்குத் தெரியவில்லை. நம் பிள்ளைகள்தான் எழுத வேண்டும்.

எதிர்நீச்சலில் அப்பத்தா பட்டம்மாளின் 40 வீதச் சொத்துப் பங்கு யாருக்கு என்று எத்தனை இரவு வாதாடினோம்! அதே கேள்வியை நம் காணியைப் பற்றியும் கேட்கப் பழகவேண்டும். இங்கே பலரிடம் இருப்பது அனுமதிப்பத்திரக் காணி, அதாவது அரசாங்கம் பத்திரம் கொடுத்து இருக்கவிட்ட காணி. அது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்குள் வருகிறது. தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று பின்னுரித்தாளர் பெயர் போடாமல் ஒருவர் இறந்தால், பிள்ளைகளுக்குள் ஆணுக்கே முன்னிடம் என்று பல பத்தாண்டுகள் இருந்தது. 2022இல்தான் அதைத் திருத்தினார்கள். சொந்தமாக உறுதிக் காணி வைத்திருப்பவர்களில் பலருக்குத் தேசவழமை என்ற வடக்குத் தமிழரின் வழமைச் சட்டம். அதன்படி மணமான பெண் தன் பெயரில் உள்ள காணியைக்கூடக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. கணவன் எங்கே என்றே தெரியாதவள் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய் அனுமதி கேட்க வேண்டும்.

கணவன் எங்கே என்று தெரியாதவள். இந்த மண்டபத்தில் அதை நான் விளக்கத் தேவையில்லை. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர் போராட்டம் தொடங்கியபோது அங்கே போய் இருந்தவர்கள் நம் தாய்மார், நம் அக்காமார்.

நாடகங்களில் செத்துப்போனான் என்று நினைத்தவன் உயிரோடு திரும்பி வருவான். வேறு ஊர்களில் அதைப் பார்த்துச் சலித்துக்கொள்வார்கள், கதை இல்லாமல் இழுக்கிறார்கள் என்பார்கள். இங்கே அப்படி இல்லை. திரும்பி வந்தவனின் மனைவி இன்னொருவனை மணந்திருந்தால் அன்றிரவே வாதம் தொடங்கிவிடும். அவள் காத்திருந்திருக்க வேண்டும் என்பாள் ஒருத்தி. "காத்திருந்தால் அந்தப் பிள்ளைகளுக்கு ஆர் சோறு போடுறது?" என்பாள் இன்னொருத்தி. அந்த இரண்டாமவள் தன்னைப் பற்றி அப்படி ஒரு வார்த்தையை ஒருநாளும் வெளியே சொல்லியிருக்க மாட்டாள். சொன்னால் ஊர் என்ன சொல்லும் என்று அவளுக்குத் தெரியும். நாடகத்துப் பெண்ணுக்காகப் பேசும்போது மட்டும் அவளால் சத்தமாகச் சொல்ல முடிகிறது. அந்த நேரத்தில் "உந்தக் குப்பையை நிப்பாட்டுங்கோ" என்று ரிமோட்டைப் பறிக்கிற தம்பிமாரே, நீங்கள் நிறுத்துவது நாடகத்தை மட்டுமல்ல, தயவுசெய்து யோசியுங்கள்.

நம் சனத்துக்கு நாடகம் எது, வாழ்க்கை எது என்று தெரியாது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டெம்பரில் காலமானபோது, குணசேகரனை நாள்தோறும் ஏசிய அதே பெண்கள் அந்த மனிதருக்காகக் கண்கலங்கினார்கள். அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

ஆனால் ஒரு விஷயத்தில் எனக்குக் கோபம் உண்டு. கை நீட்டுகிற கணவனை மனைவியின் பொறுமையே திருத்திவிடும் என்று காட்டும் நாடகத்தைப் பார்த்துவிட்டு, அதையே அடிபட்டு வந்த மகளுக்கு அறிவுரையாகச் சொல்லும் தாய்மார் உண்டு. அம்மாமாரே, அந்த இடத்தில் வாதாடுங்கள். நாடகத்தோடு சண்டை பிடியுங்கள். மகளைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு ஞாயிறு பின்னேரம் இந்த மண்டபத்தைத் திறந்து வையுங்கள். ஒரு நாடகத்தில் ஒரு உறவை எடுப்போம், இரண்டு பக்கமும் பேசுவோம். ஆண்களும் வர வேண்டும், வாசலில் நிற்காமல் உள்ளே வந்து இருக்க வேண்டும். காணிப் பத்திரம் பற்றிக் கேள்வி எழுந்தால், விஷயம் தெரிந்த ஒருவரை அடுத்த மாதம் கூப்பிடுவோம். முதல் ஞாயிறு ராதிகாவின் வழக்கு. அவளுக்கு எதிராகப் பேச ஆள் தேட வேண்டியிராது. அவள் பக்கம் நான் பேசுகிறேன்.