கணவரின் வேலைக்காக ஊர் மாறியதை நேர்காணலில் எப்படிச் சொல்வது?

அடுத்த கேள்வியை, திருப்பூரிலிருந்து பெங்களூருக்குக் குடிபெயர்ந்த ஒரு சகோதரி அனுப்பியிருக்கிறார். பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் ஆறு ஆண்டுகள் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆடை வாங்கும் நிறுவனத்துக்கும் தொழிற்சாலைக்கும் இடையே ஆர்டர்களைக் கவனிப்பவராகப் பணியாற்றியவர். கணவருக்குப் பெங்களூரில் வேலை கிடைத்ததால் ராஜினாமா செய்துவிட்டு, எட்டு மாதங்களாக அங்கே வேலை தேடுகிறார். வேலையை விட்ட காரணத்தைக் கேட்கும்போது "சொந்தக் காரணங்கள்" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுவதாகவும், கணவருக்காக வந்தேன் என்றால் வேலையில் பிடிப்பு இல்லாதவள் என்று எடுத்துக்கொள்வார்களோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருக்கிறார்.

தயங்காமல் சொல்லிவிடுங்கள் என்பதே என் பதில். "சொந்தக் காரணங்கள்" என்று கேட்டவுடன் எதிரில் இருப்பவர், மேலதிகாரியோடு தகராறா, ஏதாவது ஷிப்மெண்ட் தவறிப்போய் வெளியே அனுப்பிவிட்டார்களா என்று தாமாகவே ஊகிக்கத் தொடங்குவார். அந்த ஊகங்கள் எல்லாவற்றையும்விட உங்கள் உண்மைக் காரணம் எவ்வளவோ மேல், ஏனெனில் அதில் உங்கள் திறமையைப் பற்றிய குறை எதுவுமே இல்லை. திருப்பூரை ஏன் விட்டீர்கள் என்பதைக் காட்டிலும், பெங்களூரில் எத்தனை காலம் இருப்பீர்கள் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். ஒரு பையரின் (ஆடை வாங்கும் நிறுவனத்தின்) சாம்பிள் ஒப்புதல் முறையும் அளவு அட்டவணையும் உங்களுக்குக் கைவந்த பிறகு நீங்கள் இன்னோர் ஊருக்குக் கிளம்பிவிட்டால், பாதியில் நிற்கும் ஆர்டர்களோடு திண்டாடப்போவது அவர்கள்தான்.

ஆகவே விடையை இப்படி அமைத்துக்கொள்ளலாம்: "என் கணவருக்கு இங்கே பணி கிடைத்ததால் குடும்பத்தோடு பெங்களூருக்கு வந்துவிட்டோம், நோட்டீஸ் காலத்தை முழுமையாக முடித்து, கையிலிருந்த ஆர்டர்களை அடுத்தவரிடம் ஒப்படைத்த பிறகே விலகினேன், இனி இந்த ஊரிலேயே இருக்கப்போகிறோம்." இதற்கு மேல் கணவரின் நிறுவனம், அவருடைய சம்பளம், இந்த முடிவுக்கு வருவதற்குள் இரண்டு குடும்பங்களிலும் நடந்த பேச்சுவார்த்தை என்று நீட்ட வேண்டியதில்லை. ராணுவம், வங்கி போல மாற்றலுக்கு உட்பட்ட பணியில் கணவர் இருந்தால் மட்டும், கடைசிச் சொற்றொடரை அப்படியே சொல்லாதீர்கள். அடுத்த மாற்றல் ஏறக்குறைய எப்போது வரக்கூடும் என்பதை நேர்மையாகச் சொல்லிவிடுவது நல்லது.

இனி, நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். என் கணிப்பில் உங்களுக்கு வேலை கிடைக்காததற்கு இதுவே பெரிய காரணமாக இருக்கலாம். திருப்பூர் முழுக்க முழுக்கப் பின்னலாடை ஊர். பெங்களூரில் உள்ள ஏற்றுமதித் தொழிற்சாலைகளிலோ சட்டை, கால்சட்டை, ஜாக்கெட் என்று நெய்த துணி வேலைதான் அதிகம். நீங்கள் துணியைக் கிலோவில் கணக்கிட்டுப் பழகியவர். அவர்கள் மீட்டரில் கணக்கிடுகிறார்கள். ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை), சுருக்கம், தையல் முறுக்கிக்கொள்வது என்று நீங்கள் கவலைப்பட்ட இடத்தில், அவர்கள் துணியின் அகலத்தையும் ஷேட் (நிறச் சாயல்) வேறுபாட்டையும் பற்றிக் கவலைப்படுகிறார்கள். "இவருக்கு நெய்த துணி தெரியுமா?" என்ற ஐயம் அவர்கள் மனத்தில் இருக்கும்போது, நீங்கள் ஊர் மாறிய கதையை எவ்வளவு அழகாகச் சொன்னாலும் பயனில்லை. பையரோடு கடிதப் போக்குவரத்து, காஸ்டிங் (அடக்கவிலைக் கணக்கு), கால அட்டவணையைப் பின்தொடர்வது ஆகியவை இரண்டுக்கும் பொது என்பதை நீங்களே முன்வைத்து, எதைப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும் என்பதையும் சொன்னால், உரையாடல் கணவரிடமிருந்து உங்களிடம் திரும்பும். இடையில் கிடைத்த எட்டு மாதங்களில் இதற்காக ஏதாவது கற்றிருந்தால் இங்கேதான் குறிப்பிட வேண்டும்.

மனைவிக்காக ஊர் மாறிய ஆண்களுக்கும் இதே விடைதான் பொருந்தும், ஆனால் அவர்களைப் பார்த்து ஒரு புன்னகையோடு "மனைவிக்காகவா வந்தீர்கள்?" என்றும் கேட்பார்கள். அதற்குச் சங்கடப்படவோ நகைச்சுவையாகப் பேசி மழுப்பவோ தேவையில்லை. பெண்களிடம் குழந்தை பெற்றுக்கொள்ளும் திட்டத்தைக் கேட்பது இன்னும் மோசம். ஆட்சேர்ப்பில் பெண்களிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்பது 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்திலேயே சொல்லப்பட்டது. 2019-ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டத்திலும் பாலினப் பாகுபாட்டுக்குத் தடை உண்டு. நேர்காணல் அறையில் சட்டம் பேசச் சொல்லவில்லை. "இந்தப் பணியின் நேரத்துக்கும் பொறுப்புக்கும் நான் தயார்" என்று கூறி, பேச்சை வேலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

விண்ணப்பத்தைப் பொறுத்தவரை, பயோடேட்டாவில் திருப்பூர் முகவரி இருந்தால் இன்றே மாற்றுங்கள். வேலைவாய்ப்புத் தளங்களில் ஊரை வைத்து வடிகட்டித் தேடுபவர்களின் கண்ணில் உங்கள் பெயரே படாமல் போகும். மின்னஞ்சலில் "தற்போது பெங்களூரில் வசிக்கிறேன், உடனடியாகச் சேர இயலும்" என்ற ஒரு வரி போதும். வருங்கால வைப்புநிதிக் கணக்கில் பழைய நிறுவனம் உங்கள் விலகல் தேதியைப் பதிவு செய்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். பின்னணிச் சரிபார்ப்பின்போது அந்தத் தேதியை பயோடேட்டாவோடு ஒப்பிடுவது வழக்கம். பதிவாகாமல் இருந்தால், கடைசிச் சந்தா செலுத்தி இரண்டு மாதம் கடந்த பிறகு, வைப்புநிதி உறுப்பினர்களுக்கான யு.ஏ.என். இணையதளத்தில் நீங்களே அதைப் பதிவு செய்துகொள்ள முடியும்.