இதயக் கலங்களுக்கு ஒரு பாய்

நேயர்களுக்கு வணக்கம்.

மாரடைப்பு ஒன்றில் நூறு கோடி வரையான தசைக்கலங்கள் செத்துப்போகலாம். இதயம் தன் தசைக்கலங்களில் ஆண்டுக்கு நூற்றில் ஒரு பங்கு அளவைத்தான் புதுப்பிக்கிறது. வயது போகப்போக அதுவும் குறையும். ஆகவே செத்த இடத்தில் தழும்புதான் வரும். வேறு கலங்களாக மாறக்கூடிய குருத்துக் கலங்களை ஊசியால் ஏற்றிப் பார்த்தார்கள். பெரும்பாலானவை அங்கே தங்குவதில்லை, இதயம் துடிக்கத் துடிக்க வெளியேறிவிடுகின்றன. கலங்கள் பிடித்து நிற்க ஒரு பாய் வேண்டும், பிறகு கரைந்துபோகும் பாய்.

அந்தப் பாயை நாராக நூற்பது இப்படி: பொலிகப்ரோலக்டோன் என்ற பொலிமரைக் குளோரோபோம் கலந்த கரைப்பானில் நூற்றுக்குப் பத்தளவில் கரைத்து, ஊசிமுனையில் 15 கிலோவோல்ற்று கொடுத்தால், 15 சென்ரிமீற்றர் தள்ளிச் சுழலும் உருளையில் மயிரைவிட மெல்லிய நார் படியும். உருளை மெதுவாகச் சுற்றினால் நார்கள் கண்டபடி விழும். கலங்கள் நார் போன வழியே நீளுபவை. நார் குழம்பினால் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும், துடிப்பு இருந்தும் பலன் இராது. எங்கள் திருகோணமலையில் கச்சான் காற்று வீசும் காலத்தில் இந்த வேலை சுகம். மாரியில் ஈரக் காற்று நாரின் மேல் நீர்த்துளியாய்ப் படிந்து குழி விழுத்தும், ஈரம் உறிஞ்சியை ஓடவிடாமல் தொடங்கவே கூடாது.

அடுத்ததுதான் பலர் சறுக்கும் இடம். புதுப்பாயில் ஒரு துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள், தாமரை இலையில் போல உருளும். அதில் கலங்கள் ஒட்டாது, திரண்டு கழன்றுவிடும். ஒட்சிசன் பிளாஸ்மா, அதாவது மின்னேற்றிய ஒட்சிசன் வாயு, சில நிமிடம் பட்டால் துளி பரவும். ஆனால் நாள் போனால் மேற்பரப்பு பழைய குணத்துக்குத் திரும்பும், அன்றைக்கே பாவித்துவிட வேண்டும்.

இன்னொரு வழியை மட்டி காட்டியது. கடற்கரைப் பாறையில் மட்டியைப் பிடுங்க முயன்றவர்களுக்குத் தெரியும் அதன் பிடி. அந்தப் பசையின் இரசாயனத்தைப் பின்பற்றி 2007இல் டோபமின் என்ற சேர்மத்தால் ஆன பூச்சு வந்தது. மில்லிலீற்றருக்கு 2 மில்லிகிராம் டோபமின், pH 8.5 ஆன, சற்றுக் காரமான திரிஸ் என்ற தாங்கற் கரைசல், அவ்வளவுதான். கரைசல் கபிலமாகிப் பின் கறுக்கும். அமிலப்பக்கம் போனால் பூச்சு பிடிக்காது. அளவுக்கு மீறி ஊறவிட்டால் கறுப்புத் துகள் படியும், கலங்கள் அதையும் மேடாகவே எடுத்துக்கொள்ளும். நன்றாகக் கழுவிய பிறகு, கலங்கள் பற்றிக்கொள்ள லமினின் என்ற புரதம் பூசுங்கள்.

கிருமிநீக்கம் புரதத்துக்கு முன்னால் வரவேண்டும். 121 பாகை நீராவியில் வைத்தால் பாய் உருகிப்போகும், இந்தப் பொலிமர் 60 பாகையிலேயே இளகுவது. 70 வீத எதனோலில் அரை மணி நேரம் வைத்து, உப்புக் கரைசலில் மூன்று தடவை கழுவினால் போதும். புரதம் பூசிய பிறகு எதனோல் பட்டால் புரதம் கெட்டுவிடும்.

கரையும் வேகமும் கவனிக்க வேண்டியது. இந்தப் பாய் உடலில் கரைய இரண்டு வருடத்துக்கு மேலாகலாம். லக்ரிக், கிளைகோலிக் அமிலங்களாலான பொலிமர் சில கிழமைகள் தொடங்கிச் சில மாதங்களில் போய்விடும், ஆனால் கரையும்போது அமிலம் சுரந்து கலங்களைச் சுடும். எனக்குக் கேட்டால் இரண்டையும் கலந்து நூற்பதே நல்லது. விகிதத்தைக் கலங்களை வைத்துத்தான் பார்த்துப் பிடிக்க வேண்டும்.